மலைப்பிள்ளைக்கும் கடலில் ஒரு வேலை உண்டு

கேரளத்தில் 14 மாவட்டங்கள். அவற்றில் ஒன்பதுக்குக் கடற்கரை உண்டு. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும், மறையூர், வட்டவடை, பூப்பாறை, வண்டிப்பெரியாறு என்று இடுக்கியின் எல்லையிலும் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளில் பலர், பள்ளிப் படிப்பு முடியும்வரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. இந்த இரு பக்கத்துப் பள்ளிகளிலும் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, எழுபதையும் தாண்டியவன் நான். ஆழ்கடல் ஆராய்ச்சிப் பயணங்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், அதிலும் கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைகளை முதலில் சேர்க்க வேண்டும் என்று நான் பேச்சை எடுத்தாலே, "எஸ்டேட் புள்ளைக்குக் கடல் எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள். ஆகவே அவர்களுக்கு முறையாகப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே போகின்றன. கிழக்கே திரும்புபவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றுதான். அந்த மூன்றில் இரண்டு நம்முடையவை. பவானி பாலக்காட்டின் அட்டப்பாடி வழியாக வருகிறது. பாம்பாறு மறையூரைத் தாண்டி அமராவதியில் சேர்கிறது. இரண்டும் காவிரியில் கலந்து வங்கக் கடலுக்குப் போகின்றன. அதே மலைத்தொடரின் மறுபக்கத்துத் தண்ணீரைப் பாரதப்புழை பொன்னானியில் கொண்டுபோய் அரபிக்கடலில் விடுகிறது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றில் ஒரு பங்கை 1895 முதல் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பியிருக்கிறோம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் நின்று பிள்ளை பார்க்கிற மழை, சரிவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, இரண்டு கடலில் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது.

போகிற வழி அப்படி. வருகிற வழியும் கடல்தான். ஆனி, ஆடியில் கொட்டுவது அரபிக்கடல் அனுப்பியது. ஐப்பசி, கார்த்திகையில் வருவது பெரும்பாலும் வங்கக் கடலின் கைங்கரியம். கொழுந்து தழைப்பதும், ஏலக்காய்க்குப் பூ நிற்பதும், தென்னைக்குத் தண்ணீர் கிடைப்பதும் அந்த வரத்தை நம்பித்தான். வரவு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2018 ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் தத்தளித்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. போனவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். பூமியில் கூடுதலாகச் சேர்கிற வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது, அரபிக்கடலும் சூடாகிக்கொண்டே வருகிறது, அதனால் பெய்கிற மழையின் குணமே மாறுகிறது என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். கடல் தன் வயிற்றுக்குள் எவ்வளவு வெப்பத்தை வைத்திருக்கிறது என்று அளக்கிற வேலை, கரையோரத்து மீனவருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு பெட்டிமுடிக்காரருக்கும் முக்கியம்.

மலையில் பிறந்த பிள்ளைக்கு இந்த வேலை வருமா என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார். பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மாணி. ஏலத்தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பம். எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தரப் போனார்கள். தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் அந்தச் சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, பிறகு இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, காற்றையும் வெயிலையும் ஓசோனையும் அளக்கிற கருவிகளை இந்த நாட்டிலேயே செய்ய வைத்தார். கருவி தப்பாகக் காட்டினால் அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவருடைய கொள்கை. 1976இல் அந்தத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். நான் பாடம் எடுத்த காலத்தில் இந்தக் கதையைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஒரு வருஷத்தையும் முடித்ததில்லை. கதை முடிந்ததும், "பீர்மேடா சார்? நம்ம பீர்மேடா?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் கதையே.

ஆழ்கடல் பயணங்களில் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலை வெளிநாட்டில் எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் அமெரிக்கக் கடலியலாளர் ராபர்ட் பல்லார்டு, பிரெஞ்சுக்காரர்களுடன் சேர்ந்து டைட்டானிக் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்தார். ஊருக்குத் திரும்பிய அவருக்குப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: அடுத்த முறை போகும்போது நானும் வரலாமா? பெரிய மனிதர்கள் இதற்கு வழக்கமாக ஒரு வாழ்த்து அட்டை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பல்லார்டு அந்தக் கேள்வியை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். 1989இல் 'ஜேசன்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மத்தியதரைக் கடலின் அடியில் இயந்திரம் பார்ப்பதை, கரையில் அரங்குகளில் கூடியிருந்த மாணவர்கள் செயற்கைக்கோள் வழியாக அதே நேரத்தில் பார்த்தார்கள், கப்பலில் இருந்தவர்களிடம் கேள்வி கேட்டார்கள். பிற்காலத்துப் பயணங்களில் தேர்ந்தெடுத்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஆராய்ச்சி நடக்கிற இடத்துக்கே கூட்டிப்போனார்கள். இன்றைக்கு அவருடைய 'நாட்டிலஸ்' கப்பல், முக்குளிக்கும் இயந்திரம் காட்டுவதை இணையத்தில் நேரலையாக விடுகிறது. கப்பலில் இருப்பவர்கள் பள்ளி வகுப்பறைகளோடு பேசுகிறார்கள். அமெரிக்கக் கடல், வளிமண்டலத் துறை 1990 முதல் பள்ளி ஆசிரியர்களைத் தன் ஆராய்ச்சிக் கப்பல்களில் ஏற்றி வேலை வாங்குகிறது. ஆசிரியர் அங்கே விருந்தாளி இல்லை. முறைவைத்து இரவு வேலையும் பார்த்து, மீனை எடைபோட்டு, கணக்கெழுதிவிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்புகிறார்.

இந்தக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைத் தெர்மோகோல் டீக் கோப்பையில் பெயர் எழுதி, படம் வரைந்து அனுப்புவார்கள். கப்பலில் அதை ஒரு வலைப்பையில் போட்டு, உப்பும் வெப்பமும் அளக்கிற கருவியோடு கட்டி மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். மேலே வரும்போது கோப்பை கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கியிருக்கும். அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உடைசலும் இல்லை, நெளிசலும் இல்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. எழுத்துகளும் அதே அளவில் குறுகி, அச்சடித்த மாதிரி நின்றன. தெர்மோகோலுக்குள் இருந்த காற்றையெல்லாம் கடல் பிழிந்து எடுத்துவிட்டது. பத்து மீட்டர் இறங்கினால் தண்ணீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 6,000 மீட்டரில் அது 600 மடங்கு. நம் ஆனைமுடி 2,695 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஆனைமுடியை வைத்தாலும் அந்த ஆழம் நிரம்பாது.

இந்தப் பாடம் நம் பிள்ளைக்குப் புதிதே அல்ல. போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், பஸ் போடிமெட்டு ஏறி முடிப்பதற்குள் பலூனாக உப்பிவிடும். மூணாறில் பருப்பு வேக நேரம் பிடிக்கும் என்பது ஒவ்வோர் அம்மாவுக்கும் தெரியும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். கோப்பை சுருங்குவது அதே கணக்கின் மறுபக்கம். சென்னைப் பிள்ளைக்கு வரைபடம் போட்டு விளக்க வேண்டியதை மறையூர்ப் பிள்ளை பஸ்ஸிலேயே பார்த்துவிட்டது. பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்று எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைக் கப்பலுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. அடுத்த வாரம் மறந்துவிடும். பிள்ளைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். சின்ன வேலையாக இருக்கலாம். ஆனால் அது நிஜமான வேலையாக இருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எங்கோ ஒரு கட்டம் காலியாக நிற்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது மழைமானி. எஸ்டேட்டுகளில் தினமும் மழை அளந்து பேரேட்டில் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்தோம். காலை எட்டரை மணிக்கு அளக்க வேண்டும். வானிலைத் துறை வைத்திருக்கிற நேரம் அதுதான். புனலை எடுத்து, சேர்ந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்கி, மில்லிமீட்டரில் படித்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் சும்மா விடக்கூடாது, பூஜ்யம் போட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு நாள் வரவில்லை. மறுநாள் வந்து, பக்கத்து எஸ்டேட்டில் எவ்வளவு என்று விசாரித்து, அதையே நம் நோட்டில் எழுதிவிட்டான். அவனோடு முறை பார்க்கும் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "நீ அளந்தியா?" என்று ஒரே கேள்வி. பையன் முகம் தொங்கிப்போயிற்று. அந்த எண்ணை அடித்துவிட்டு, 'அளக்கவில்லை' என்று அவன் கையாலேயே எழுத வைத்தாள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அந்தப் பையன் காய்ச்சலில் படுத்தால்கூடத் தம்பியை அனுப்பி, அளவு எடுக்க ஆள் போட்டுவிட்டதை உறுதி செய்துகொள்வான். நீதிபோதனை வகுப்பில் வருஷம் முழுக்கப் பேசினாலும் வராத நேர்மை ஒரு நோட்டுப் புத்தகத்தால் வந்தது.

ஆழ்கடல் ஆராய்ச்சியின் அன்றாடமும் இதேதான். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 'ஆர்கோ' மிதவைகள் அலைந்துகொண்டிருக்கின்றன. ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. உள்ளே எண்ணெயும் பம்பும் பேட்டரியும். எண்ணெயை வெளிப்பையில் தள்ளினால் பருமன் கூடி மிதவை மேலேறும், உள்ளே இழுத்தால் இறங்கும். 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போய், பிறகு 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். பத்து நாளைக்கு ஒருமுறை இந்தச் சுற்று. இந்தியப் பெருங்கடலில் இந்த மிதவைகளை இறக்கி நடத்துவதில் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. சந்தேகமான எண் வந்தால் அதை அழிப்பதில்லை. சந்தேகம் என்று குறியிட்டு வைக்கிறார்கள். எங்கள் பள்ளி நோட்டின் சட்டம்தான் உலகக் கடலின் சட்டமும். இந்தத் தகவல் எல்லாம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக் கிடக்கிறது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் பள்ளி வகுப்புகள் ஆளுக்கொரு மிதவையைத் தத்தெடுத்து, பேர் வைத்து, அது எங்கே போகிறது, என்ன அளக்கிறது என்று தொடர்ந்து எழுதிவருகின்றன. வட்டவடைப் பள்ளிக்கு அரபிக்கடலில் ஒரு மிதவை, அட்டப்பாடிப் பள்ளிக்கு வங்கக் கடலில் ஒரு மிதவை என்று வைத்துக்கொள்ள என்ன தடை? ஒரு செல்போனும் ஒரு நோட்டும் போதும். பத்து நாளைக்கு ஒருமுறை மிதவையின் அளவு, தினமும் காலையில் மழையின் அளவு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவருகிற பிள்ளைக்குக் கடல் எதற்கு என்ற கேள்வியே எழாது.

நம் நாட்டில் இப்போது நேரமும் நன்றாக இருக்கிறது. 2021 ஜூனில் 4,077 கோடி ரூபாயில் ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் ஒரு பகுதி சமுத்ரயான். மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்குகிற 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியைச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்குகிறது. ஆள் உட்காரும் கோளம் டைட்டானியத்தால் ஆனது, உள்விட்டம் 2.1 மீட்டர். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், பயிற்சிக்காக, பிரான்சின் 'நோட்டீல்' நீர்மூழ்கியில் ராஜு ரமேஷ் 4,025 மீட்டருக்கும் ஜதீந்தர் பால் சிங் 5,002 மீட்டருக்கும் அட்லாண்டிக்கில் இறங்கி வந்தார்கள். நமக்குப் பக்கத்தில் கொச்சியிலோ, 1984 முதல் ஓடுகிற 'சாகர் சம்பதா' ஆராய்ச்சிக் கப்பலை நடத்துகிற கடல்வாழ் உயிர்வள மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கி, மண்டபத்தில் இயங்கி, பிறகு கொச்சிக்கு வந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான். பொதுமக்களும் மாணவர்களும் உள்ளே வந்து பார்க்க அது ஆண்டுதோறும் கதவைத் திறந்துவிடுகிறது. மூணாறிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கொச்சி.

வானத்துக்கு நாம் பிள்ளைகளை ஏற்கெனவே சேர்த்துவிட்டோம். 2019 முதல் இஸ்ரோ 'யுவிகா' என்ற பெயரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தன் நிலையங்களுக்கு அழைத்துப் பயிற்சி தருகிறது. சென்னை 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகளைக் கொண்டு 'ஆசாதிசாட்' என்ற சிறு செயற்கைக்கோளைச் செய்தது. மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்துப் பெண்பிள்ளைகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி ராக்கெட் கிளம்பியது. ஆனால் செயற்கைக்கோளை உரிய பாதையில் விடவில்லை. பிள்ளைகளின் உழைப்பு வீண். அழுதிருப்பார்கள். ஆனால் ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10ஆம் தேதி, இரண்டாவது ஆசாதிசாட் சரியாகப் போய்ச் சேர்ந்தது. தோற்றால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பிள்ளைகள் சேர்த்துப் படித்துக்கொண்டார்கள். மேலே அனுப்பத் தெரிந்த நாட்டுக்குக் கீழே அனுப்பத் தெரியாதா?

பெற்றோரின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. "ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று கேட்கிற தாய்க்குப் பதில் சொல்லாமல் எந்தத் திட்டமும் நடக்கக் கூடாது. 2023 ஜூனில் 'டைட்டன்' என்ற நீர்மூழ்கி டைட்டானிக்கைப் பார்க்கப் போய் நொறுங்கி ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கு 19 வயதுதான். முறையான தரச்சான்று பெறாத கலத்தில், காசு கட்டி வேடிக்கை பார்க்கப் போன பயணம் அது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. பள்ளிப் பிள்ளை ஆழ்கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை. கரையில் இருந்தே அளக்கலாம், கேள்வி அனுப்பலாம், கோப்பை அனுப்பலாம். பெரிய வகுப்புக்கு வந்தபிறகு, துறைமுகத்தில் கட்டியிருக்கிற கப்பலில் ஒரு வாரம் பயிற்சி எடுக்கலாம். கடலுக்குப் போக வேண்டுமானால் முதலில் வாத்தியார் போய்விட்டு வரட்டும்.

இன்னொரு தடை மொழி. நம் எல்லைப் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். மாநிலத்தின் அறிவிப்பு மலையாளத்தில் வரும், மத்திய நிறுவனத்தின் விண்ணப்பம் ஆங்கிலத்தில் வரும். இரண்டையும் படித்துப் புரிந்துகொள்வதற்குள் கடைசித் தேதி போய்விடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித் தவறிப்போவதை வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்தவன் நான். சமுத்ரயானைச் செய்கிற நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தமிழில் பத்துப் பக்கம் எழுதித் தர அங்கே ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று பேருக்கு. சென்னையிலும் கொச்சியிலும் ஹைதராபாத்திலும் இருக்கிற கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரே, ஒவ்வொரு கப்பல் பயணத்தோடும் கடல் இல்லாத மாவட்டத்துப் பள்ளி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்க்கக் கூப்பிடாதீர்கள், வேலை கொடுத்துக் கூப்பிடுங்கள். எல்லைப் பள்ளிகளில் பணிசெய்யும் தம்பி தங்கைகளே, திட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் நாளைக் காலை எட்டரை மணிக்கு மழைமானியிலிருந்து தொடங்குங்கள்; அளக்கிற பழக்கம் உள்ள பள்ளியைத்தான் நாளைக்கு ஒரு கப்பல் தேடி வரும். பெற்றோரே, உங்கள் பிள்ளை கடலைப் பற்றிக் கேட்டால், நமக்கெதுக்கு என்று வாயை அடைக்காதீர்கள். உங்கள் கூரைமேல் விழுகிற மழையின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல நம் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை வேண்டும்.